ஓர்தா துறைமுகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். அட்லாண்டிக் நடுவே அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் ஓர்தா என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். திமிங்கில வேட்டை, கடலடித் தந்தி, ஆரம்பகால விமானம், பாய்மரப் படகுப் பயணம் என்று எதைப் பற்றிப் படித்தாலும் அந்தப் பெயர் எங்கேயாவது எட்டிப் பார்க்கிறது. அந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது? இது முதல் கேள்வி. 1957-ல் எரிமலை வெடித்து ஊரே புதைந்துவிட்டதாமே, உண்மையா என்பது இரண்டாவது. இரண்டாவதற்குப் பதில் சின்னது: ஓர்தா புதையவில்லை. ஆனால் அந்த வெடிப்பு தீவின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதல் கேள்விதான் எனக்கு நெருக்கமானது. தங்கமோ மிளகோ விளையாத, மொத்தத் தீவிலும் சேர்த்து பதினைந்தாயிரம் பேர்கூட இல்லாத ஓர் இடத்தைத் தேடி உலகம் ஏன் நூற்றாண்டுக் கணக்கில் வந்துகொண்டே இருந்தது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கடலடிக் கேபிள் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கேபிள் கரையேறும் நிலையங்களிலும் இருந்திருக்கிறேன், பழுது பார்க்கும் கப்பலிலும் போயிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பழைய தந்திக் கேபிள் வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்தும் கோடுகள் கிளம்பி, நடுக்கடலில் ஒரு புள்ளியில் வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. அந்தப் புள்ளிதான் ஓர்தா. பல வருஷம் கழித்து அதைப் பார்ப்பதற்கென்றே விடுப்பெடுத்துப் போனேன், ஒன்பது நாள் தங்கினேன். ஆகவே கேபிள் பற்றி நான் சொல்வது தொழில் அறிவு. ஊரைப் பற்றிச் சொல்வது பார்த்ததும் படித்ததும். எரிமலையியல் என் துறை இல்லை. அந்தப் பகுதியில் நன்றாகப் பதிவான விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஓர்தாவின் சொத்து அது இருக்கும் இடம்தான். அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் கடக்க முடியாதவர்கள் நின்று மூச்சு வாங்கும் இடம் அது. பாய்மரக் கப்பலில் குடிதண்ணீர் தீரும், நீராவிக் கப்பலில் நிலக்கரி தீரும், கேபிளில் தந்திக் குறி தேயும், விமானத்தில் பெட்ரோல் தீரும். அந்தந்தக் காலத்தில் எது தீர்ந்ததோ அதை அந்த ஊர் கொடுத்தது. மூச்சு நீண்டதும் அவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள், கொஞ்ச நாளில் வேறு யாராவது வந்தார்கள். ஊரின் வரலாறு முழுக்க இதே கதைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

முதலில் ஊரின் அமைப்பு. அசோர்ஸ் என்பது போர்ச்சுகலுக்குச் சொந்தமான ஒன்பது தீவுகள். அதில் ஃபயால் தீவின் தென்கிழக்குக் கரையில் ஓர்தா இருக்கிறது. லிஸ்பனிலிருந்து மேற்கே சுமார் 1,700 கிலோமீட்டர். தீவு 21 கிலோமீட்டர் நீளம், 14 கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான். நடுவில் சுமார் இரண்டு கிலோமீட்டர் குறுக்களவும் 400 மீட்டர் ஆழமும் உள்ள எரிமலைக் குழி. வட அமெரிக்கத் தட்டு, யூரேசியத் தட்டு, ஆப்பிரிக்கத் தட்டு என்று பூமியின் மூன்று தட்டுகள் கூடும் வட்டாரம் என்பதால் அங்கே நிலம் சும்மா இருப்பதில்லை. ஓர்தாவுக்கு நேர் எதிரே, ஒரு குறுகிய நீரிணை தாண்டி, பீக்கோ தீவின் எரிமலை 2,351 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. போர்ச்சுகல் நாட்டிலேயே உயரமான மலை அதுதான். ஓர்தாவில் எந்தச் சந்தில் திரும்பினாலும் அந்த மலை எதிரே வந்து நிற்கும்.

துறைமுகத்தையும் எரிமலைதான் செய்து கொடுத்திருக்கிறது. ஊரின் தென்கோடியில் இரண்டு சிறு எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் மோன்ட்டி த கீயா. இன்னொன்று மோன்ட்டி கெய்மாடு. எரிந்த மலை என்று பொருள். மணல் சேர்ந்து இவை தீவோடு ஒட்டிக்கொண்டதால் ஒரு பக்கம் போர்ட்டோ பிம் என்ற சின்னக் குடாவும், மறுபக்கம் பெரிய விரிகுடாவும் உருவாயின. மேற்கிலிருந்து வரும் அலையைத் தீவே தடுக்கிறது, தெற்கிலிருந்து வருவதை இந்தக் குன்றுகள் மறிக்கின்றன, கிழக்கே பீக்கோ காவல் நிற்கிறது. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 1876-ல் அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பிக்கும் வரை கப்பல்கள் திறந்த விரிகுடாவில்தான் நங்கூரமிட்டு நின்றன. ஆனாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெறும் தண்ணீருக்கு நடுவே இந்த அளவு ஒதுக்கிடம் கிடைப்பதே பெரிய விஷயம்.

அடுத்தது காற்று. வானிலைச் செய்திகளில் அசோர்ஸ் உயர் அழுத்தம் என்று கேட்டிருப்பீர்கள். அந்தப் பெரிய உயர் அழுத்த மண்டலத்தைச் சுற்றி காற்று கடிகார முள் சுற்றும் திசையில் ஓடுகிறது. அதனால் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் தெற்கே இறங்கிப் போவார்கள். திரும்பும்போது வடக்கே ஏறி மேற்குக் காற்றைப் பிடித்து வருவார்கள். கரீபியனிலிருந்து வந்தாலும் சரி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவிலிருந்து வந்தாலும் சரி, பாய்மரக் கப்பலின் திரும்பும் பாதை அசோர்ஸ் பக்கம்தான் வந்து சேரும். கோவாவிலிருந்து சரக்கோடு திரும்பிக்கொண்டிருந்த சிங்கு ஷாகஷ் என்ற போர்ச்சுகீசியக் கப்பலை 1594-ல் ஆங்கிலேயர் இந்த ஃபயால் தீவுக்குப் பக்கத்தில் மறித்துச் சண்டையிட்டார்கள். கப்பல் எரிந்து மூழ்கியது. மூன்று வருஷம் கழித்து, 1597-ல், வால்டர் ராலே தன் ஆட்களை இறக்கி ஓர்தாவையே பிடித்தார். எல்லோரும் கடந்தாக வேண்டிய வழியில் இருக்கும் ஊருக்கு வழிப்பறிக்காரர்களும் வந்துதானே ஆக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் வந்தார்கள். 1806-ல் ஜான் பாஸ் டாப்னி என்பவர் அமெரிக்கத் துணைத் தூதராக ஓர்தாவில் நியமிக்கப்பட்டார். அவர், மகன், பேரன் என்று 1892 வரை அந்தப் பதவி ஒரே குடும்பத்திடம் இருந்தது. ஆரஞ்சுப் பழமும் பீக்கோ தீவின் திராட்சை மதுவும் ஏற்றுமதி செய்தார்கள். வந்து நின்ற திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, இறைச்சி கொடுத்தார்கள். அந்தக் கப்பல்களுக்கு ஆட்களும் தேவைப்பட்டார்கள். தீவின் பையன்கள் ஏறிப்போய், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபர்ட் போன்ற ஊர்களில் குடியேறினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எரிமலைக் கதையில் இது திரும்ப வரும். அமெரிக்கர்களிடம் கற்ற திமிங்கில வேட்டையைத் தீவுக்காரர்கள் கரையிலிருந்தே செய்ய ஆரம்பித்து, துடுப்புப் படகும் கையெறி ஈட்டியுமாக 1980-கள் வரை தொடர்ந்தார்கள்.

இனி கேபிள். எங்கள் தொழிலின் முன்னோர்கள் வாழ்ந்த கதை என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 1893-ல் லிஸ்பன் பக்கத்துக் கர்க்கவேலுஷிலிருந்து சான் மிகேல் தீவு வழியாக ஓர்தாவுக்கு முதல் கடலடிக் கேபிள் வந்தது. 1900-ல் ஜெர்மனியின் எம்டன் பக்கத்திலிருந்து ஒரு கேபிளும், அதோடு சேர அமெரிக்கக் கரையிலிருந்து இன்னொன்றும் வந்து ஓர்தாவில் கைகோத்தன. அப்புறம் அயர்லாந்து, இத்தாலி என்று வந்துகொண்டே இருந்தது. 1893-க்கும் 1928-க்கும் நடுவே அந்தச் சின்ன ஊரில் கரையேறிய கேபிள்கள் பதினைந்து.

ஏன் அங்கே? நேராக ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு இழுக்கக் கூடாதா? இழுத்தார்கள், 1866-லிருந்தே நேர்க் கேபிள்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. சிக்கல் வேகத்தில்தான். பழைய கேபிள் என்பது நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி மலாய் நாட்டு மரப்பிசினான கட்டாப்பெர்ச்சா, வெளியே இரும்புக் கவசம், அதற்கப்பால் கடல். கம்பிக்கும் கடல்நீருக்கும் நடுவில் காப்பு இருப்பதால் கேபிள் முழுவதும் ஒரு நீளமான மின்தேக்கியாகிவிடுகிறது, அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைத்து மெல்ல விடும் பொருளாக. இந்தப் பக்கம் சுருக்கென்று தட்டினால் அந்தப் பக்கம் மெல்ல எழும்பி மெல்ல அடங்கும் ஓர் அலைதான் போய்ச் சேரும், ஈரத்துணியில் சொட்டிய மை பரவுவது போல. ஒரு குறி அடங்குவதற்குள் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும். கெல்வின் பிரபு, அப்போது அவர் வில்லியம் தாம்சன், 1850-களிலேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்: இந்தப் பரவல் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் பரவல் நான்கு மடங்கு.

இதையே திருப்பிப் பாருங்கள். ஒரு நீளக் கேபிளை நடுவில் வெட்டி இரண்டாக்கினால், ஒவ்வொரு பாதியிலும் நான்கு மடங்கு வேகத்தில் செய்தி அனுப்பலாம். நடுவில் ஒருவர் உட்கார்ந்து வாங்கி மறுபடி அனுப்பினால் போதும். ஆனால் உட்காருவதற்கு நடுக்கடலில் தரை வேண்டுமே. அந்தத் தரைதான் ஓர்தா.

நடுவில் உட்கார்ந்திருந்தவரின் வேலை எப்படி இருந்தது தெரியுமா? எதிரே சைஃபன் ரெக்கார்டர் என்ற கருவி. மயிரிழை போன்ற ஒரு கண்ணாடிக் குழாய் மை கசிந்தபடி, ஓடும் காகித நாடாவில் ஒரு நெளிகோடு வரையும். அது மேலே நெளிந்தால் மோர்ஸ் தந்திக் குறியின் புள்ளி, கீழே நெளிந்தால் அதன் கோடு. கேபிளில் தேய்ந்து வருவதால் அந்த நெளிவுகள் தெளிவாகப் பிரிந்து வராது. மூன்று புள்ளி சேர்ந்தால் ஒரே மேடாக நீண்டு கிடக்கும். அந்த மேட்டின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்து, உள்ளே எத்தனை புள்ளி என்று சொல்ல வேண்டும். படித்ததை அப்படியே அடுத்த கேபிளுக்குக் கையால் அனுப்ப வேண்டும். இரவு பகல் முறைவைத்து இதைச் செய்தார்கள். பழைய நாடாத் துண்டு ஒன்றை நான் பயிற்சிக்காலத்தில் படித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வரி வாசிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஒரு நாட்டின் பங்குச்சந்தை விலையும், இன்னொரு குடும்பத்தின் சாவுச் செய்தியும், யாரென்றே தெரியாத அந்த ஊழியர்களின் கண் வழியாகத்தான் கடலைக் கடந்து போயின.

ஓர்தாவில் 1902-ல் கட்டிய டிரினிட்டி ஹவுஸ் என்ற கட்டடம் இன்னும் இருக்கிறது. மூன்று கம்பெனிகள், அதாவது ஆங்கிலேயர், ஜெர்மானியர், அமெரிக்கர், ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்ததால் அந்தப் பெயர். ஒருவர் வாங்கிய செய்தியைப் பக்கத்து அறையில் இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். மாலையில் டென்னிஸ், கால்பந்து. அந்தச் சூழலில்தான் 1909-ல் ஃபயால் ஸ்போர்ட் கிளப் தொடங்கியது. பிறகு 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி அதிகாலையில், போர் அறிவித்த சில மணி நேரத்துக்குள், அலர்ட் என்ற பிரிட்டிஷ் கேபிள் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மானியக் கேபிள்களைக் கொக்கி போட்டுத் தூக்கி வெட்டிவிட்டது. அதில் அசோர்ஸுக்கு வந்தவையும் அடக்கம். ஓர்தாவில் இருந்த ஜெர்மானிய ஊழியர்களின் கருவி ஒரே நாளில் மௌனமாகிவிட்டது. முந்தின நாள் வரை கூட வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் அதே கட்டடத்தில் இருந்தார்கள். அந்த வாசலில் நான் நெடுநேரம் நின்றேன். தொழிலில் இருப்பவனுக்கு ஒரு கேபிள் அறுந்தாலே மனம் பதறும். வேண்டுமென்றே அறுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

போருக்குப் பிறகு ஜெர்மானியர் திரும்பி வந்தார்கள். அவர்கள் குடியிருந்த வீடுகளில் இன்று தீவு அரசின் அலுவலகங்கள் நடக்கின்றன. 1924-ல் நியூயார்க்கிலிருந்து ஓர்தாவுக்கு வெஸ்டர்ன் யூனியன் என்ற அமெரிக்கத் தந்திக் கம்பெனி ஒரு புதுவகைக் கேபிளைப் போட்டது. நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மலாய் நாடாவைச் செம்புக் கம்பி மேல் சுற்றியிருந்தார்கள். அது பரவலைப் பெருமளவு சரிக்கட்டியது. பழைய கேபிளில் நிமிடத்துக்குச் சில நூறு எழுத்துகள். இதில் 1,500-க்கு மேல். குறியைத் தானே புதுப்பித்து அனுப்பும் கருவிகளும் அந்தச் சமயத்தில்தான் வந்தன, நாடாவைப் படிக்கும் ஆட்களின் தேவை குறைந்தது. 1956-ல் ஸ்காட்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே, அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கேபிளான டாட்-1 இறங்கியபோது, குறியைப் பெருக்கும் பெட்டிகளைக் கேபிளுக்குள்ளேயே வைத்துக் கடலடியில் போட்டுவிட்டார்கள். ஒரு தடத்துக்கு 51 பெட்டிகள். ஓர்தாவில் மனிதர் செய்த வேலையை இப்போது கடலுக்கடியில் இருட்டில் கிடக்கும் பெட்டி செய்தது. 1969-ல் ஓர்தாவின் தந்தி நிலையம் மூடப்பட்டது. இன்று நாங்கள் போடும் ஒளியிழைக் கேபிளிலும் அதே மாதிரிப் பெட்டிதான் சில பத்து கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஓர்தா என்றே நான் நினைப்பேன்.

கேபிள் இன்னொரு காரியமும் செய்தது, இது அதிகம் பேசப்படுவதில்லை. ஐரோப்பாவின் வானிலை மேற்கிலிருந்து வருகிறது. தந்தி வருமுன் அட்லாண்டிக் நடுவில் என்ன நடக்கிறது என்று பாரிசுக்கோ லண்டனுக்கோ தெரிய வழியே இல்லை. 1893-க்குப் பிறகு தீவின் காற்றழுத்த அளவுகள் தந்தியில் போக ஆரம்பித்தன. கடலாராய்ச்சியில் பித்தாக இருந்த மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் இதற்குப் பெரிதும் துணை நின்றார். ஓர்தா மேட்டில் இருக்கும் வானிலை ஆய்வகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விமானக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1919 மே மாதம் அமெரிக்கக் கடற்படையின் மூன்று கடல்விமானங்கள் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பின. பனிமூட்டத்தில் இரண்டு கடலில் இறங்க வேண்டியதாகிவிட்டது. என்சி-4 மட்டும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்து மே 17 அன்று ஓர்தா விரிகுடாவில் இறங்கியது. பிறகு லிஸ்பன் போய், அட்லாண்டிக்கைக் கடந்த முதல் விமானம் என்ற பெயரைப் பெற்றது. வழியில் நின்று நின்று போனாலும் கடந்தது கடந்ததுதான். 1939-ல் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கிளிப்பர் கடல்விமானங்கள் பயணிகளோடு ஓர்தா வழியாகப் போக ஆரம்பித்தன. அங்கே எண்ணெய் நிரப்புவது சுலபம், திரும்ப எழும்புவதுதான் கஷ்டம். விரிகுடாவில் அலை ஒரு மீட்டரைத் தொட்டாலே விமானம் எழ முடியாது. பயணிகள் நாள்கணக்கில் ஊரில் காத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் சாந்தா மரியா தீவில் நீண்ட ஓடுபாதை வந்தது, அந்த அத்தியாயமும் முடிந்தது.

இன்று நிற்பவர்கள் பாய்மரப் படகுக்காரர்கள். கரீபியனில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஐரோப்பா திரும்புகிறவர்களுக்கு, பெர்முடாவிலிருந்து சுமார் 1,800 கடல்மைல் தாண்டினால் முதல் நிலம் இந்தத் தீவுகள். 1986-ல் படகுத்துறை கட்டினார்கள். வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் படகுகள் வருகின்றன. அலைதடுப்புச் சுவரிலும் நடைபாதையிலும் வந்து போனவர்கள் படம் வரைந்துவிட்டுப் போகிறார்கள்: படகின் பெயர், வருஷம், ஒரு மீன், ஒரு கொடி. வரையாமல் கிளம்பினால் கடலில் கெட்டது நடக்கும் என்பது நம்பிக்கை. அந்தச் சுவரைக் குனிந்து பக்கத்தில் பாருங்கள். புதுப் படம் பளபளவென்று இருக்கும். அதன் ஓரம் உரிந்த இடத்தில் அடியில் வேறொரு படத்தின் நீலம், அதற்கும் அடியில் இன்னொரு எழுத்தின் வால். உப்பும் வெயிலும் தேய்க்கத் தேய்க்க, அடுத்தவர் அதன்மேலேயே வரைகிறார். கொஞ்சம் தள்ளி, 1918-லிருந்து நடக்கும் பீட்டர் கஃபே ஸ்போர்ட். படகுக்காரர்களுக்கு வரும் கடிதங்களை அங்கே வாங்கி வைத்திருந்து கொடுப்பது பழைய வழக்கம்.

சரி, எரிமலைக்கு வருவோம். 1957 செப்டம்பர் நடுவிலிருந்து தீவில் நில அதிர்வுகள் தொடங்கின, இருநூறுக்கும் மேல். செப்டம்பர் 27 காலை, தீவின் மேற்கு முனையான கப்பலீன்யூஷில் திமிங்கிலம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த காவல்காரர்கள் கடல் கொதிப்பதைக் கண்டார்கள். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில், ஆழம் குறைந்த கடலடியில் எரிமலை திறந்திருந்தது. கொதிக்கும் பாறைக்குழம்பில் கடல்நீர் புகுந்ததால் வெடித்து வெடித்துக் கருஞ்சாம்பலும் நீராவியும் வானத்துக்கு எழுந்தன. அக்டோபரில் ஒரு தீவு முளைத்து, அதே மாதக் கடைசியில் மறைந்தது. நவம்பரில் மறுபடி முளைத்து ஃபயாலோடு ஒட்டிக்கொண்டது. 1958 மே மாதம் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான அதிர்வுகள். பிரையா தோ நோர்த்தி என்ற கிராமம் இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு குழிக்குள் கடல்நீர் புகுவது நின்று, லாவா ஓட ஆரம்பித்தது. 1958 அக்டோபர் 24 அன்று அடங்கியது. பதின்மூன்று மாதம். ஓர்தாவில் மாவட்டப் பொதுப்பணித் துறையை நடத்திய பொறியாளர் ஃபிரெதெரிக்கு மஷாது கூடவே இருந்து பதிவு செய்ததால், கடலில் பிறந்த எரிமலைகளில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்டவற்றுள் இது ஒன்றாகிவிட்டது.

இதில் யாரும் சாகவில்லை. ஓர்தா இருப்பது தீவின் மறுகோடி என்பதால் ஊர் தப்பியது. ஆனால் மேற்குப் பக்கக் கிராமங்களில் வீட்டுக் கூரைகள் சாம்பல் பாரத்தில் இறங்கின, வயல்கள் மூடிப்போயின, மாடுகளுக்குப் புல் இல்லை. இந்த இடத்தில்தான் பழைய திமிங்கிலக் கப்பல்கள் திரும்ப வருகின்றன. நூறு வருஷத்துக்கு முன் போன பையன்களின் பேரப்பிள்ளைகள் மாசசூசெட்ஸிலும் ரோட் ஐலண்டிலும் வாக்காளர்களாக இருந்தார்கள். அந்த மாநிலங்களின் செனட்டர்கள் ஜான் கென்னடியும் ஜான் பஸ்டோரியும் கொண்டுவந்த அசோர்ஸ் அகதிகள் சட்டம் 1958 செப்டம்பரில் நிறைவேறியது. முதலில் 1,500 விசா, பின்னால் நீட்டித்தார்கள். போனவர்கள் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டார்கள். 1950-ல் ஏறக்குறைய 24,000 பேர் இருந்த தீவில் இன்று 14,000 சொச்சம்தான். எரிமலை ஊரைப் புதைக்கவில்லை, பாதி ஊரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. புதிதாக முளைத்த சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர் நிலத்தில் பாதிக்கு மேல் அதற்குள் கடல் தின்றுவிட்டது. அங்கிருந்த கலங்கரை விளக்கம் முதல் மாடி வரை சாம்பலில் புதைந்து இன்னும் நிற்கிறது. அருகிலேயே நிலத்துக்கடியில் ஓர் அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். ஓர்தாவை உண்மையில் சேதப்படுத்தியது எரிமலையைவிட நிலநடுக்கம்தான்: 1926 ஆகஸ்டில் ஒன்று, 1998 ஜூலை 9-ல் இன்னொன்று. ஊரைச் சுற்றிக் கிராமங்களில் கூரையில்லாத தேவாலயங்களை நானே பார்த்தேன்.

சந்தேகத்துக்குரியவற்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் நூற்றாண்டில் குடியேறிய ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்காரர் யோஸ் வான் ஹுர்ட்டரே பெயரிலிருந்துதான் ஓர்தா வந்தது என்பார்கள். போர்ச்சுகீசிய மொழியில் அதே சொல்லுக்குக் காய்கறித் தோட்டம் என்றும் பொருள் உண்டு. பெரும்பாலோர் முதலாவதைச் சொல்கிறார்கள். ஆனாலும் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அசோர்ஸ் என்பது மூழ்கிப்போன அட்லாண்டிஸின் மிச்சம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவை கடலடியிலிருந்து எரிமலையாக எழுந்த இளந்தீவுகள். ஃபயாலின் வயது பத்து லட்சம் ஆண்டுகூட இல்லை.

போக நினைத்தால் மே, ஜூன் மாதங்களில் போங்கள். படகுகள் அப்போதுதான் நிறைய வரும். ஊர் அருங்காட்சியகத்தில் அத்திமரத் தண்டின் வெள்ளைச் சோற்றில் செதுக்கிய கப்பல்களைத் தவறவிடாதீர்கள். தஞ்சாவூர் நெட்டி வேலை பார்த்தவர்களுக்கு அந்த வெண்மை உடனே பிடிபடும், பாய்மரக் கயிறுகூட நூலிழை கனத்தில்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் திமிங்கிலம் பார்க்கும் படகில் போங்கள். அந்தக் காலத்து வேட்டைக்குக் கட்டிய காவல் மேடைகளில் இன்றைக்கும் ஆள் உட்கார்ந்திருக்கிறார். கையில் நல்ல தொலைநோக்கி, பக்கத்தில் வயர்லெஸ். திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்ப்புகை கடலில் எழுந்ததும் திசையைச் சொல்வார். படகோட்டி இயந்திரத்தைத் திருப்புவார். கிட்டே போனதும் இயந்திரத்தை மெதுவாக்கிவிட்டு எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வார்.